ஆலாவுக்கு வைத்த ஃபோகஸ்

ஜனவரி 12, ஞாயிறு

புஞ்சக்கரி வயலில் காலை ஆறரை முதல் ஒன்பது வரை. எடுத்த படம் முந்நூற்றுப் பன்னிரண்டு. தெளிவாக வந்தது ஒன்று. அதுவும் ஆலா இல்லை. ஆலாவுக்குப் பின்னால் நின்ற தென்னை ஓலை.

ஆலா சாம்பல் நிறத்தில் சின்னப் பறவை. தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும், சட்டென்று விழும். நான் கேமராவைத் தூக்குவதற்குள் மீனைத் தின்று ஏப்பமும் விட்டிருக்கும். கூட வந்த ஆஷா வங்கியில் வேலை பார்ப்பவள், பத்து வருஷமாகப் பறவை பார்க்கிறவள். என் கேமராவை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "சேச்சி, ஃபோகஸ் ஏரியாவ முழுசும் திறந்து வச்சிருக்கு. பின்னே அது தென்னையத்தானே பிடிக்கும்? சின்னக் கட்டமாக்கி நடுவில வை."

ஆரியசாலையில் எங்கள் ஸ்டூடியோ. படம் எடுப்பது ஸ்டூடியோ முதலாளியும் என் வீட்டுக்காரருமான பிரவின்ராஜ் அவர்கள். அந்தப் படங்களுக்கு நிறம் திருத்தி, முகப்பரு நீக்கி, ஆல்பமாக்குவது கௌசல்யாவாகிய நான். ஒன்பது வருஷமாகிறது. கல்யாண வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் கேமரா என் கையில். "குரங்கு கையில பூமாலை" என்பார் இவர், சிரித்துக்கொண்டேதான். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஒரே ஒரு ஆலா போதும், கண் தெளிவாக. நான் எடுத்தது என்று சொல்லிக்கொள்ள ஒரு படம்.

ஜனவரி 13

இவர் முந்நூற்றுப் பன்னிரண்டையும் பொறுமையாகப் பார்த்தார். "ஓலை நல்லா வந்திருக்கு, அல்லே?"

ஜனவரி 19, ஞாயிறு

மெனுவுக்குள் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. எதன் கண்ணைத் தேட வேண்டும் என்று கேமராவுக்குச் சொல்லலாம். இத்தனை நாள் 'மனிதர்' என்றே இருந்திருக்கிறது. பாவம், ஆலாவின் முகத்தில் மனுஷ மூக்கைத் தேடி அலைந்திருக்கும். 'பறவை' என்று மாற்றினேன். ஆஷா இன்னொன்றும் சொன்னாள். குறுக்கே நாணல் வந்தால் ஃபோகஸ் உடனே அதற்குத் தாவக் கூடாதாம், கொஞ்சம் பொறுக்கும்படி வைக்கணுமாம். அதையும் வைத்தேன்.

நாற்பதில் ஆறு உருப்படி! கண் மட்டும் இன்னும் கலங்கல். கிட்டே வந்துவிட்டேன்.

நாளை பாறசாலையில் இவருக்கு ஒரு நிச்சயதார்த்த வேலை. பேட்டரி சார்ஜ் போட்டு, லென்ஸ் துடைத்து, பையில் வைத்தாயிற்று.

ஜனவரி 21, செவ்வாய்

என்ன செய்து வைத்திருக்கிறேன்.

நேற்று நிச்சயமான பெண் பெயர் ரோஸ். பச்சைப் பட்டு, தோளில் ஜரிகை மயில். தனியாக நிற்க வைத்து இவர் எடுத்தது முப்பத்தெட்டு படம். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினேன். முகம் கலங்கல். லேசாகத்தான், ஆனால் எல்லாவற்றிலும். மயிலின் கண்ணோ — இழை இழையாக எண்ணலாம்.

பறவையைத் தேடு என்று சொன்னால் கேமரா வேறு என்ன செய்யும்? 'மனிதர்' என்று திருப்பி வைக்க மறந்தவள் நான். பின்னணி மங்கலாக வரட்டும் என்று லென்ஸை முழுக்கத் திறந்து எடுத்திருக்கிறார், அதனால் தோள் தெளிந்த இடத்தில் முகம் போயிற்று. கூட்டமாக நின்ற படங்கள் தப்பித்தன.

இவருக்கு இன்னும் தெரியாது. கம்ப்யூட்டரில் கூர்மை கூட்டிப் பார்த்தேன், ரோஸுக்கு மெழுகு பொம்மை முகம் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறேன். சொன்னா கேமரா போச்சு. சொல்லலேன்னா? அந்தப் பொண்ணு வாழ்நாள் பூரா இந்த ஆல்பத்தத்தானே பாக்கணும்?

ஜனவரி 22

சொல்லிவிட்டேன். இவர் முதலில் கத்தவில்லை. "ஃபோகஸ் கட்டம் தெரிஞ்சுது. முகத்துலதான் நிக்குதுன்னு நெனச்சேன்" என்றார். பிறகுதான் கோபம் வந்தது. "இனி பறவையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். கேமரா அலமாரியில இருக்கட்டும்."

நானும் விடவில்லை. "எடுத்ததும் ஒண்ணு பெருசாக்கி நோக்கியிருந்தா என்ன? எல்லாம் என் தலையிலதானா?"

அலமாரிச் சாவி இப்போது இவர் சட்டைப் பையில். நியாயம் அவர் பக்கமும் இருக்கிறது. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஜனவரி 24

ரோஸ் வீட்டுக்குப் போனில் சொல்லிவிடலாம் என்றார் இவர். நானே போகிறேன் என்று பஸ் ஏறிவிட்டேன்.

ரோஸின் அப்பா அருமைநாயகம் லேப்டாப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எம் பிள்ளைக்க மூஞ்சிய விட மயிலுக்க மூஞ்சி பெருசாப் போச்சா ஒங்களுக்கு?" வாங்கிக்கொண்டேன். கிடைக்க வேண்டியதுதானே.

ரோஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் குரல் இறங்கிவிட்டது. "எனக்கு ஒரு போட்டோவும் நல்லா வராதுக்கா. கேமராவப் பாத்தாலே மூஞ்சி கட்டையாவும். மங்கலா இருக்கதே நல்லதுன்னு விட்டிருங்க."

அப்பா திட்டியதை விட இது வலித்தது. "திங்கக்கிழமை வாறேன். அதே சேலை கட்டுங்க. நிக்கவே வேண்டாம், ஒங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். கையில் கேமரா இல்லை, வாக்கு மட்டும் கொடுத்தாயிற்று. ஆழம் தெரியாமல் காலை விடுவதே எனக்குப் பிழைப்பு.

ஜனவரி 26, ஞாயிறு

நடந்ததைச் சொல்லிக் கேமராவைக் கேட்டேன். சாவியை மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஜனவரி 27, திங்கள்

'மனிதர்'. வழியில் பஸ்ஸிலேயே மூன்று தடவை திறந்து பார்த்தேன்.

முதல் அரைமணி நேரம் கட்டை முகம்தான். நான் துரத்தவில்லை. ஆலாவின் பின்னால் ஓடி ஓடித் தோற்றவளுக்கு அவ்வளவாவது தெரியும். கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டேன். ரோஸ் கோழிகளுக்குத் தீனி போட வந்தாள். "பட்டுச்சேலையோட கோழிக்கிட்ட நிக்காளே!" என்று உள்ளேயிருந்து அவள் அம்மா அலற, ரோஸ் திரும்பிச் சிரித்தாள். அழுத்தின விரலை எடுக்கவில்லை நான். நடுவில் அவளே கையை வீசி முகத்தை மறைத்தாள். நாணலுக்காக வைத்த அந்தப் பொறுமையை மாற்றாமல் வைத்திருந்தேன், ஃபோகஸ் கைக்குத் தாவவில்லை, கண்ணிலேயே நின்றது.

படத்தைக் காட்டினேன். "இது நானாக்கா?" என்றாள். அவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. சந்தோஷமாக இருக்கிறது. வேறென்ன எழுத.

ஜனவரி 29

என் நாற்காலியில் இவர் உட்கார்ந்து நூற்றுப் பதினாறு படத்தையும் இரண்டு முறை பார்த்தார். "இந்த மாதிரி ஒரு சிரிப்ப நான் எடுத்ததே இல்ல" என்றார். கிண்டல் இல்லை.

அதற்குள் அருமைநாயகம் போன். கல்யாணத்துக்கும் அந்தப் பிள்ளையே எடுக்கட்டும் என்றாராம். இவர் "சரி" என்று வைத்துவிட்டு வெளியே போனார். எனக்குக் குதிக்கவும் தோன்றியது, இவர் முதுகைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. பத்தொன்பது வருஷமாகக் கேமரா பிடிப்பவர்.

பிப்ரவரி 1

கூப்பிட்டார். கேமரா மேஜையில். அதன் மேலுள்ள திருகில் 1, 2 என்று எண்கள் உண்டு. செட்டிங்கைச் சேமித்து வைக்கும் இடம், நாங்கள் இரண்டு பேருமே தொட்டதில்லை.

"ஒண்ணு ஆளுக்கு. ரெண்டு பறவைக்கு. வயலுக்குப் போனா ரெண்டுல திருப்பு, வீட்டுக்கு வந்ததும் ஒண்ணுல திருப்பு. இனி யாரு தலையிலயும் யாரும் போட வேண்டாம், கேட்டியா."

ஒன்றை அவரே முடித்தார். இரண்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்டுக் கேட்டு வைத்தார். கட்டம் சின்னதா பெருசா, எவ்வளவு பொறுக்கணும், இதுக்கு ஏன் இப்படி. ஒன்பது வருஷத்தில் கேமராவைப் பற்றி என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்விகள். எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்திருந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆலா. கண்ணில் வானம் தெரிகிறது.

பிப்ரவரி 20, வியாழன்

ரோஸ் கல்யாணம். பாறசாலை சர்ச்சில் எட்டரைக்கே போய்விட்டோம். நல்ல கேமரா என் கழுத்தில். இவர் கையில் லைட் ஸ்டாண்டு, தோளில் பழைய கேமரா. இருட்டும் சன்னல் வெளிச்சமும் மாறி மாறி இருந்த இடம். திருகு ஒன்றில்தான் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

ஆராதனை தொடங்கும் முன் போதகர் நேராக இவரிடம் வந்தார். ஆளைப் பார்த்தால் யாரும் இவரிடம்தானே கேட்பார்கள். "தம்பி, மோதிரம் மாத்தும்போது ஃபோட்டோகிராபர் எங்க நிப்பாரு? முன்னால மறைக்காம இருந்தாச் சரி."

இவர் லைட்டின் திருகை இறுக்கிக்கொண்டே, "அவங்கதான் ஃபோட்டோகிராபர். அவங்ககிட்ட கேளுங்க. நான் லைட்டு பிடிக்க வந்தவன்" என்றார்.

போதகர் என் பக்கம் திரும்பினார். இடது பக்கம், தூணை ஒட்டி நிற்பேன் என்று சொன்னேன். இவர் லைட்டைத் தூக்கிக்கொண்டு அந்தத் தூணுக்கு நடந்தார்.