கத்துவதற்கென்று ஒரு தகடு

மார்ச் 3, ஞாயிறு

மகள் ஊருக்குக் கிளம்பினாள். பேருந்து நிலையத்தில் என் காரிலிருந்து இறங்கும்போது, பிரேக் போட்டால் முன் சக்கரம் கிறீச்சென்று கத்துகிறது, முதலில் அதைப் பாருங்கள் என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் பிரேக் போட்டுப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. புது வண்டி ஓட்டுகிறவளுக்குப் பழைய வண்டியில் ஏறினால் எல்லாமே சத்தம்தான்.

மார்ச் 5, செவ்வாய்

அச்சகத்தில் தலைக்கு மேல் வேலை. வண்டியைத் தொடவில்லை.

மார்ச் 9, சனி

மகள் மறுபடி போனில் கேட்டதால் இன்று இடது முன் சக்கரத்தைக் கழற்றினேன். உள்பக்க பிரேக் பேடில் தேய்வதற்கு இனி ஒன்றுமில்லை. இரும்போடு இரும்பு உரசியிருக்கிறது. பேடு கவ்விப் பிடிக்கிற டிஸ்க்கில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம்.

பேடின் ஓரத்தில் ஒரு சின்னத் தகடு உண்டு. பேடு மெலிந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கத்தும். கத்துவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. என் வண்டியில் அது கத்திக் கத்தித் தேய்ந்தே போயிருக்கிறது.

துணி உலர்த்த வந்த மனைவியிடம், எத்தனை நாளாக இந்தச் சத்தம் என்று கேட்டேன்.

"மழைக்காலத்துக்கு முன்னாடியிலேருந்து. நானும் நாலு தடவை சொல்லிட்டேன். நீங்க எதைத்தான் காதுல வாங்குறீங்க?"

நாலு தடவை. எனக்கு ஒன்றுகூட நினைவில்லை. மறந்துவிட்டேனா? இல்லை — காதில் விழவே இல்லையா?

போன வாரம் என் பக்கத்திலேயே அவள் போன் அடித்திருக்கிறது. கொல்லையிலிருந்து ஓடிவந்து எடுத்தாள், முறைத்துவிட்டுப் போனாள். எதற்கு முறைத்தாள் என்று அன்றைக்குப் புரியவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

ஒரு பக்கம் மட்டும் மாற்றக்கூடாது. இரண்டு பக்கத்துக்கும் புது டிஸ்க், புது பேடு வாங்கி வந்தேன். பேடுகளை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரை அவிழ்த்து, அதன் ஆயில் ஹோஸ் இழுபடாமல் கம்பியால் கட்டிவைத்தேன். பழைய டிஸ்க் துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் விட்டு, காத்திருந்து, சுற்றிச் சுற்றித் தட்டியதும் விட்டது.

புது பேடு தடிமன். அது உட்கார வேண்டுமென்றால் காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். தள்ளும்போது மேலே என்ஜின் பக்கத்து டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும். மனைவியை அங்கே நிற்க வைத்து, விளிம்புக்கு வந்ததும் சொல் என்றேன். நான் சக்கரத்துப் பக்கம் குனிந்து, பிஸ்டனைத் தள்ளும் கிளாம்பை முறுக்கிக்கொண்டிருந்தேன். முறுக்கிக்கொண்டே இருந்தேன். தோளில் கை விழுந்தபோதுதான் நிமிர்ந்தேன். ஆயில் வழிந்து பெயின்டில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் முகம் சிவந்திருந்தது.

"மூணு தடவை சொன்னேன். இப்பவும் கேக்கலேன்னு சொல்லுங்க பாக்கலாம்."

"கேக்கலம்மா. நிஜமாவே கேக்கல."

ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து ஆயிலைக் கழுவினாள். நான் பேடைப் பொருத்திக்கொண்டிருந்தபோது என் முதுகுக்குப் பின்னால் நின்று ஏதோ சொல்லிப் பார்த்தாளாம். நான் திரும்பவில்லை. பிறகு வந்து எதிரே தரையிலேயே உட்கார்ந்தாள்.

"ரெண்டு வருஷமா நீங்க எனக்குப் பதிலே சொல்றதில்ல. என்கூடப் பேசப் பிடிக்கலபோலன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

கையெல்லாம் கிரீஸ். அவள் கையைப் பிடிக்கக்கூட முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் என்ன சொன்னேன் என்று மட்டும் கேட்காதீர்கள் என்றாள். நானும் கேட்கவில்லை.

வலது பக்கத்தை முடிக்கச் சாயங்காலம் ஆனது. அவள்தான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள். கிளப்புவதற்கு முன் பெடலை மிதித்து மிதித்துப் பார்த்தேன். முதலில் தொபுக்கென்று உள்ளே போனது, பிறகு கல் மாதிரி நின்றது.

மார்ச் 11, திங்கள்

புது பேடு படிய வேண்டும் என்று ஆளில்லாத சாலையில் மெல்ல ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து எனக்காகக் கேட்டாள். சத்தமே இல்லை என்றாள் — முகத்தை முழுதாக என் பக்கம் திருப்பி.

மார்ச் 19, செவ்வாய்

காது டாக்டர். முப்பது வருடம் அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நின்றிருக்கிறேன். மெல்லிய, கீச்சென்ற ஒலிகளெல்லாம் போய்விட்டனவாம். இரண்டு காதுக்கும் கருவி. அது வரும்வரை வண்டியை மனைவியே ஓட்டட்டும் என்று சாவியைக் கொடுத்துவிட்டேன். மகளுக்கு நானே போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. அல்லது பேசியது எனக்குக் கேட்கவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

கருவி மாட்டிப் பத்து நாளாகிறது. பேப்பரைப் புரட்டினால் அது இத்தனை சத்தம் போடும் என்று யாருக்குத் தெரியும்? காலையில் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் சமையலறையில் தன் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள், ஏறக்குறைய கிசுகிசுப்பாக.

"முன்னெல்லாம் பக்கத்துல நின்னுக்கிட்டே நிம்மதியாத் திட்டுவேன்க்கா. இப்ப எல்லாமே கேட்டுத் தொலைக்குது."

ஒன்றும் காதில் விழாதவன் மாதிரி அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். மெதுவாக.