கையெழுத்தின் பின்பக்கம்

வெஸ்ட்கோட், ரோட் ஐலண்ட்
அக்டோபர் 6, 2019

அன்புள்ள வாரன் அண்ணாவுக்கு,

தங்கை மார்ஷா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். ஆரிகானில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஆறு வருடமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். காரியமாகத்தான் எழுதுகிறேன். அதை மறைத்துக் குசலம் விசாரிப்பது போல நடிக்க எனக்கு வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான்.

ஆனாலும் ஒரு வரி குசலம். வீட்டுக் கூரை கடல் பக்கம் ஒழுகுகிறது. அப்பாவின் புத்தக அறைக்கு இன்னும் ஆபத்தில்லை. என் வலது முழங்கால் மழைக்கு முதல் நாளே தகவல் சொல்லிவிடுகிறது, வானொலியை விட நம்பகமாக.

இனி விஷயம். அப்பாவின் ஜெனரல் ஹாஸ்கின் கடிதம் உனக்கு மறந்திருக்காது. மறக்க விட்டால்தானே! அமெரிக்கப் புரட்சிப் போர் முடிந்த வருடம், 1783-ல், ஜெனரல் தன் மைத்துனருக்கு ஒரே தாளில் முன்னும் பின்னும் எழுதியது. மருந்துக்கடையில் சம்பாதித்ததையெல்லாம் பழைய புத்தகங்களிலும் பழைய காகிதங்களிலும் கொட்டிய நம் அப்பா, வேறு எதையும் அப்படித் தூக்கி வைத்துக் கொண்டாடியதில்லை. அந்தக் கடிதத்தின் பின்பக்க அடியில் இருந்த கையெழுத்தைத்தான் நீ பதின்மூன்று வயதில் வெட்டி எடுத்து உன் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டாய். கடிதத்தில் அந்த ஓட்டை அப்படியே இருக்கிறது. அம்மாவின் பல்கத்தரியால் வெட்டியதால் ஓரமெல்லாம் ரம்பம் போல வளைந்து வளைந்து போகிறது.

போன மாதம் நூலகத்தில் ஊர்ப் பழங்கடிதங்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். நானும் ஹாஸ்கின் கடிதத்தைக் கொடுத்திருந்தேன். அதைப் பார்க்க நியூ ஹேவனிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். பெயர் வெர்னெல் டைட்டஸ். முப்பத்தொரு வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், கறுப்பினத்தவர். கண்ணாடிக்கு மேல் குனிந்து வரி விடாமல் படித்தார். பிறகு என்னிடம் வந்து, "இந்தக் காயிதம் உங்களுதாம்மா? இதுல இருக்கிற பையன் எங்க வீட்டுப் பையன்" என்றார்.

ஜெனரல் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள் என்று நமக்குத் தெரியும். அப்பா அந்த வரிகளை யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை, குதிரையும் பாலாடைக்கட்டியும் வரும் வரிகளைத்தான் வாசிப்பார். முன்பக்கத்தின் அடியில் இப்படி இருக்கிறது: "டைட்டஸ் என்ற பையனைச் செவ்வாய் முதல் காணவில்லை. தொழுவத்துக் கதவு திறந்து கிடந்தது. யார் திறந்தது என்று விசாரித்ததில்". அவ்வளவுதான், அதற்குக் கீழே ஓட்டை. தாளைத் திருப்பினால் பின்பக்கத்தின் தலையில், "நான் நம்பவில்லை. ஆனாலும் தண்டனை கொடுத்தாயிற்று. இனி இதைக் கேட்டு எழுத வேண்டாம்."

யார் திறந்தது? யாரை நம்பவில்லை? தண்டனை யாருக்கு? வெர்னெல் அம்மாள் இதைத் தெரிந்துகொள்ளத் தவிக்கிறார். ஓடிப்போன டைட்டஸின் பெயரைத்தான் அவர்கள் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அவனுடைய தாய் ஃபிலிஸைப் பற்றி வழிவழியாக ஒரே பேச்சுதானாம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவதான் முதலாளிகிட்ட போய் வத்தி வச்சான்னு எங்க ஆளுங்க சொல்லுவாங்க. பெத்த புள்ளையக் காட்டிக் குடுத்தவன்னு, எங்க வீட்டுல அந்தப் பேர ஒரு பொண்ணுக்கும் வைக்க மாட்டோம். நெசமா பொய்யான்னு தெரியாமலே எங்க அம்மா போய்ச் சேந்துட்டா. எனக்கும் எழுபத்தி மூணு ஆச்சு."

அந்த விடை, அண்ணா, உன் ஆல்பத்தில் இருக்கிறது. நீ வெட்டிய துண்டின் முன்னால் ஜெனரலின் கையெழுத்து. அதன் முதுகில்தான் முன்பக்கத்தின் கடைசி வரி இருந்தாக வேண்டும். இத்தனை வருடமாக அந்த வரி பசையில் குப்புறக் கிடக்கிறது. நம் வீட்டில் ஒருவருக்காவது அதைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லையே என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. நாம் எல்லோரும் கையெழுத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதை அனுப்பச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. அப்பா போன பின் பங்கு பிரித்தபோது நீ கேட்டது அப்பா தன்னிடமே வைத்திருந்த அந்த ஒரு ஆல்பத்தை மட்டும்தான். அப்போது நான் எல்லோர் முன்னாலும், "வெட்டினவனுக்கே வெட்டினது போகட்டும்" என்று சொல்லிவிட்டேன். சிரிக்கத்தான் சொன்னேன். நீ ஆல்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு காபியைக் கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனாய்.

இன்னொன்று. கடிதத்தின் கூடவே அப்பா வைத்த சரித்திரச் சீட்டும் பெட்டியில் இருந்தது. யாரிடமிருந்து யார் வாங்கியது, எப்போது என்ன சேதம் என்று வரிசையாக எழுதிய சீட்டு. காகிதம் கை மாறினால் அதுவும் கூடவே போக வேண்டும் என்பார் அப்பா. அதில், "பிப்ரவரி 1960. அடிப்பகுதி வெட்டப்பட்டது. வெட்டியவன் மகன் வாரன்" என்று இருக்கிறது. வெர்னெல் அம்மாள் அதைப் படித்துவிட்டு, "யாரும்மா இந்த வாரன்? உசுரோட இருக்காரா?" என்று கேட்டார். இருக்கிறார், ஆனால் என்னோடு பேச மாட்டார் என்றேன்.

கோபத்தை என் மேல் வைத்துக்கொள். துண்டை மட்டும் அனுப்பு.

இப்படிக்கு,
உன் தங்கை மார்ஷா


வெஸ்ட்கோட்
அக்டோபர் 19, 2019

அன்புள்ள அண்ணாவுக்கு,

முந்தைய கடிதம் கிடைத்திருக்கும். பதில் வரவில்லை. வராததே நல்லது என்று இப்போது நினைக்கிறேன். எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை, கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்.

ஒட்டிய துண்டைச் சேதமில்லாமல் எப்படிப் பிரிப்பது என்று நூலகத்தில் காகிதம் செப்பனிடும் ஹாலோரனைக் கேட்டேன். "எந்தப் பசைன்னு தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும். கோந்தா இருந்தா தொடவே தொடாதீங்க. மாவுப் பசைன்னா ஈரம் காட்டினாலே வந்துடும்" என்றார். அந்தக் காலத்தில் வீட்டில் என்ன பசை இருந்தது என்று பார்க்க மாடியில் என் பழைய பெட்டியைக் குடைந்தேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கும் சிவப்புப் புத்தகம் ஒன்று எனக்கு இருந்ததே, நினைவிருக்கிறதா? அதன் முதல் பக்கத்தில் ஒன்றும் இல்லை. காய்ந்த பசைத் தடம் மட்டும் இருக்கிறது. நீள்சதுரம், ஓரமெல்லாம் ரம்பப் பல். கடிதத்தைக் கொண்டுவந்து ஓட்டையை அதன் மேல் வைத்தேன். பல்லுக்குப் பல் பொருந்தியது. அதன் கீழே பென்சிலில், என் ஒன்பது வயதுக் கோழிக் கிறுக்கலில், "ஜெனரல் ஹாஸ்கின். என் சேகரிப்பில் முதலாவது" என்று எழுதியிருக்கிறது.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் கூட வலிக்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொன்றாக வருகிறது. ஆனால் எது நினைவு, எது நான் இப்போது கோர்த்துக்கொள்வது என்று பிரிக்க முடியவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க வாதக் காய்ச்சலில் படுத்திருந்தேன். பொழுது போகட்டும் என்று அம்மா பல்கத்தரியும் ஒரு கிண்ணம் மாவுப் பசையும் கொடுத்திருந்தாள். காதலர் தின அட்டை வெட்டத்தான் கொடுத்தாள். அப்பா எனக்கு வாசித்துக் காட்டிய கடிதம் கட்டில் பக்கத்திலேயே இருந்தது. பிறகு மாடிப்படியில் அப்பாவின் காலடி. நீ என் புத்தகத்திலிருந்து ஈரத்தோடு எதையோ உரிக்கிறாய். "நீ பேசாம கண்ண மூடிப் படு. நான் பாத்துக்கறேன்" என்கிறாய். இது நடந்ததா? நீதான் சொல்ல வேண்டும். இந்த உலகத்தில் வேறு யாரும் மிச்சமில்லை.

கீழே இருந்து உன் குரல் கேட்டது மட்டும் நிச்சயம். "நான்தாம்ப்பா." இரண்டு தடவை சொன்னாய்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதானா? நான் மறந்துதான் போனேனா, அல்லது மறந்துவிடுவது என்று முடிவு செய்தேனா? காய்ச்சலில் கிடந்த குழந்தை என்று என்னை நானே மன்னித்துக்கொள்ளலாம். ஆனால் அறுபதைத் தாண்டிய வயதில் பங்கு பிரித்தபோது எனக்கு என்ன காய்ச்சல்?

அப்பா உன்னை இரண்டு வருடம் புத்தக அறைக்குள் விடவில்லை. உன் இடத்தில், அந்த முக்காலியில், என்னை உட்கார வைத்தார். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறி பார்க்கவும், தோல் அட்டைக்கு எண்ணெய் பூசவும் எனக்குத்தான் கற்றுக் கொடுத்தார். என் பிழைப்பே பிற்பாடு அதுதான் ஆனது. கதவு திறந்தபோது நீ உள்ளே வரவே இல்லை, மரம் அறுக்கும் ஆலைக்கு வேலைக்குப் போய்விட்டாய். நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு நீ வரும்போதெல்லாம், "வாரன் வந்தாச்சு, கத்தரிக்கோல ஒளிச்சு வைங்க" என்று அப்பா சொல்வதும், மேசையே சிரிப்பதும், எல்லோரையும் விடச் சத்தமாக நான் சிரித்ததும் நினைவுக்கு வருகிறது. என் பிள்ளைகள் உன்னைக் கத்தரிக்கோல் மாமா என்றுதான் சொல்வார்கள். நீ வான்கோழியை அறுத்துப் பரிமாறிக்கொண்டிருப்பாய்.

எனக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. துண்டைக் கேட்கவும் இனி வாய் வரவில்லை. ஆனால் வெர்னெல் அம்மாள் வாரம் ஒரு முறை தொலைபேசியில் கூப்பிட்டு, எதுவும் கேட்காமல், வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுகிறார்.

அது மாவுப் பசைதான், அண்ணா. அதையும் தெரிந்துகொண்டேன்.

மார்ஷா


வெஸ்ட்கோட்
நவம்பர் 9, 2019

என் அன்பு அண்ணாவுக்கு,

ஆல்பம் பத்திரமாக வந்து சேர்ந்தது. உன் பழைய கட்டம் போட்ட சட்டையில் சுற்றி அனுப்பியிருந்தாய். உள்ளே ஒரு வரியாவது இருக்கும் என்று சட்டைப் பையைக் கூடத் தேடினேன். இல்லை. ஆல்பத்தில் முப்பத்திரண்டு பக்கம். முதல் பக்கத்தில் ஜெனரல். மீதி முப்பத்தொன்றும் வெறும் தாள். இத்தனை நாளாக நான் அதை உன் சேகரிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று ஹாலோரன் ஈர ஒற்றுத்தாளை வைத்து அரை மணி நேரத்தில் பிரித்துவிட்டார். நான் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். முதலில் வெர்னெல் அம்மாள்தான் படிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். மை கொஞ்சம் மங்கியிருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது. "பையனின் தாய் ஃபிலிஸ், தானே திறந்ததாகச் சொல்கிறாள்."

அதற்கு அடுத்தது, நமக்கு ஏற்கெனவே தெரிந்த வரி. "நான் நம்பவில்லை. ஆனாலும் தண்டனை கொடுத்தாயிற்று."

வெர்னெல் அம்மாள் மூன்று முறை படித்தார். தண்ணீர் கேட்டார், குடிக்கவில்லை. பிறகு தங்கைக்குத் தொலைபேசியில், "அவ காட்டிக் குடுக்கலடி. நான்தான்னு சொல்லி அவளே வாங்கிக்கிட்டாடி" என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். நூலகத்தில் சத்தம் போடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

நிஜமாகவே அவள்தான் திறந்தாளா, வேறு யாரையாவது காப்பாற்றச் சொன்னாளா? இதற்கு விடை எந்தப் பக்கத்திலும் இல்லை. என்ன தண்டனை என்பதும் இல்லை. எனக்குக் குழப்பம் தீரவில்லை. வெர்னெல் அம்மாளுக்குக் குழப்பமே இல்லை. "சொன்னாள்ல, அது போதும்" என்கிறார்.

கடிதத்தையும் துண்டையும் சேர்த்து அவருக்கே கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். துண்டு உன்னுடையது, நீ சம்மதித்தால்தான். கொடுக்கும்போது அப்பாவின் சீட்டும் கூடவே போகும். சீட்டில் எதையும் அடிக்கக் கூடாது, தவறு இருந்தால் கீழே புது வரி எழுதித் தேதி போட வேண்டும் என்பது அப்பா வைத்த விதி. இன்று காலை எழுதிவிட்டேன். "மேலே உள்ள வரி தவறு. 1960-ல் வெட்டியது மகள் மார்ஷா. மகன் வாரன் வெட்டவில்லை, தான் வெட்டியதாகச் சொன்னான்." என் கையெழுத்தும் போட்டேன். அது ஒன்பது வயதுக் கையெழுத்து மாதிரியே விழுந்திருக்கிறது.

பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன். சின்னவள், "அப்ப மாமா ஏம்மா இத்தன வருஷம் சும்மா இருந்தாரு?" என்று கேட்டாள். மாமாவிடமே கேள் என்றேன்.

நன்றி நாளுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. வெர்னெல் அம்மாளையும் அழைத்திருக்கிறேன். புத்தக அறையில் அந்த முக்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன். எனக்கு அதில் உட்கார இனி மனம் வராது. இந்த முறை கத்தரிக்கோல் எதையும் ஒளித்து வைக்க மாட்டேன், மேசை மேலேயே கிடக்கும். வான்கோழி அறுக்க ஆள் இல்லை அண்ணா. உன் சட்டையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், அதை எடுத்துக்கொள்ளவாவது வா.

ஆண்டவன் உனக்கு நல்ல உடம்பையும், கிழக்கே வரும் வழியெல்லாம் பனி இல்லாத சாலையையும் கொடுக்கட்டும்.

வெட்டியவள்,
மார்ஷா