முப்பதாவது தக்கை

6 ஆகஸ்ட் 2018, திங்கள்

காலை ஏழரைக்குக் கடல்நீர் பதினாறு டிகிரி. வடகாற்று.

மாடி அலமாரியைச் சுத்தம் செய்யும்போது பழைய தக்கைச் சரம் கிடைத்தது. பள்ளியில் புரதம் பற்றிப் பாடம் நடத்த நான் செய்தது. வலையில் கட்டும் தக்கைகள், ஒரே கயிற்றில் நூற்றிருபத்தேழு. ஒரு தக்கைக்கு ஓர் அமினோ அமிலம். முப்பதாவது மட்டும் சிவப்பு. உட்கார்ந்து எண்ணினேன், சரியாக இருந்தது. எதற்கு எண்ணினேன்? ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகிறது.

ஞாயிறன்று பிராகா நகரிலிருந்து மகள் யுலாலியா வருகிறாள். அவள் வேலை பார்க்கும் நூலகத்தில் ஒரு வாரம் விடுமுறையாம்.

12 ஆகஸ்ட், ஞாயிறு

அபூர்வமாகக் காற்றே இல்லை. நான், யுலாலியா, எர்மெலிந்தா அண்ணி மூவரும் கடற்கரைக்குப் போனோம். மதியத்தில் மணல் அனலாய்க் கொதித்தது. கூடாரத்திலிருந்து தண்ணீர் வரைக்கும் எல்லோரும் குதித்துக்கொண்டே ஓடினார்கள். நானும்தான்.

"சட்டியில போட்ட மத்தி மாதிரி துள்ளுறாரு பாரு நம்ம வாத்தியாரு!" என்று அண்ணி கூச்சல் போட்டார். மீன் சந்தையில் நாற்பது வருடம் கூவி விற்ற குரல். கடற்கரையே திரும்பிப் பார்த்தது.

யுலாலியா பின்னால் வந்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மெதுவாக, ஐஸ் சாப்பிட்டபடி.

"ஏண்டி, ஒனக்குச் சுடல?"

"இல்லையே பெரியம்மா. நல்லாத்தான் இருக்கு."

அண்ணியின் சிரிப்பு நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

13 ஆகஸ்ட்

சிலருக்குப் பாதத் தோல் தடிமனாக இருக்கும்.

15 ஆகஸ்ட், புதன்

மாதாவின் சப்பரம் துறைமுகத்துக்கு வந்ததும் படகுகளிலிருந்து வாணம் விட்டார்கள். எல்லோரும் மேலே பார்த்த நேரத்தில் அண்ணி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஒங்கண்ணன் ஒரு நாளு ஒத்தச் செருப்போட வீட்டுக்கு வந்தாரு. இன்னொண்ணு எங்க கழண்டுச்சுன்னே அவருக்குத் தெரியல. குடிச்சிருக்காருன்னு சிரிச்சேன். மூணு மாசம் சிரிச்சேன், தெரியுமா?"

"அண்ணி, அது வேற..."

"என்ன வேற? நீதான் படிச்சவன், நீயே சொல்லு. ஆனா எனக்கு ஒண்ணு புரியல. ஒனக்குச் சோதிச்சு ஒண்ணுமில்லேன்னாங்களே. அப்புறம் அவளுக்கு எப்படி வரும்?"

வாணச் சத்தத்தில் காதில் விழாதது போல் நின்றேன்.

16 ஆகஸ்ட், வியாழன்

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது எழுதாவிட்டால் வேறெங்கும் சொல்ல மாட்டேன்.

எங்கள் ஊரில் இதைப் பாத நோய் என்பார்கள். அப்பா நாற்பத்து நான்கு வயதில் போனார். அண்ணன் ஜெர்வாசியோ முப்பத்தொன்பதில். கல்லீரல் செய்யும் ஒரு புரதம். ரத்தத்தில் தைராய்டு சுரப்பையும் வைட்டமின் ஏ-யையும் சுமந்து போவது அதன் வேலை. நான்கு சங்கிலிகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு நின்றால்தான் அந்த வேலை நடக்கும். எங்கள் குடும்பங்களில் முப்பதாவது இடத்தில் வாலினுக்குப் பதில் மெத்தியோனின் இருக்கிறது. அந்த ஒன்றினால் பிடி தளர்கிறது. பிரிந்த சங்கிலி தன் மடிப்பை மறந்து, நாராகத் திரிந்து, நரம்புகளில் போய்ப் படிகிறது. நீளமான நரம்பு பாதத்துக்குப் போவது, அதனால் பாதம் முதலில்.

இதைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன்!

1996-இல் போர்த்தோ மருத்துவமனையில் சோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். முடிவை நேரில்தான் சொல்வார்கள். குறித்த நாளில் ரயிலேறினேன். போர்த்தோவில் இறங்கி நிலைய பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன். மனைவி தெயோலிந்தா வாசலிலேயே நின்றிருந்தாள். "ஒண்ணுமில்லை" என்றேன். அவள் அழுதுகொண்டே கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினாள். அதை நம்பிக்கொண்டே செத்தும் போனாள்.

இங்கே மீனவக் குடும்பத்தில் படகில் பொறிக்க ஓர் அடையாளக் குறி உண்டு; மூத்த மகன் அப்பாவின் குறியோடு ஒரு கோடு சேர்த்துக்கொள்வான். கடைசி மகனுக்கு எதுவும் சேராமல் அப்படியே வரும். அப்பாவின் குறி எனக்குத்தான் வந்தது. படகில் ஏறாத எனக்கு. வேறு என்ன வந்தது என்று நான் கேட்கவேயில்லை. எழுபத்தொரு வயது வரை கால் நன்றாக இருந்துவிட்டதால் என் பொய்யை நானே நம்பியும் விட்டேன்.

20 ஆகஸ்ட், திங்கள்

நேற்று யுலாலியா கிளம்பிப் போனாள். ஒரு வாரம் ஒரே வீட்டில் இருந்தாள். வாயைத் திறக்கவில்லையே நான்!

இங்கே ஊர் நூலகத்தில் இந்த நோய் பற்றிய புதிய கட்டுரைகளைப் படித்தேன். இப்போது ஒரு மாத்திரை இருக்கிறது. நான்கு சங்கிலிகளுக்கு நடுவே உள்ள குழியில் போய் உட்கார்ந்து அவை பிரியாமல் பிடித்துக்கொள்கிறது. இருக்கும் நரம்பைக் காக்கும். போன நரம்பைத் திருப்பித் தராது.

மணலில் அவள் நடந்து எட்டு நாள்.

21 ஆகஸ்ட்

மூன்று முறை போன் செய்து, அடிக்கத் தொடங்கியதும் வைத்துவிட்டேன். அவளே கூப்பிட்டாள். "என்னப்பா, மூணு தடவ அடிச்சு அடிச்சு வச்சிட்டீங்க?"

"கை பட்டிருச்சும்மா."

25 ஆகஸ்ட், சனி

சொல்லிவிட்டேன்.

முதல் பேருந்தில் பிராகாவுக்குப் போனேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். இரண்டாவது வரியிலேயே கண்ணாடி நனைந்து எழுத்து மறைந்துவிட்டது. தாளை மடித்துவிட்டு வாயில் வந்ததைச் சொன்னேன்.

யுலாலியா குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். பிறகு: "குளிர்காலத்துலேருந்தே இப்படித்தான். நின்னுக்கிட்டே வேலை பாக்குறதால மரத்துப் போச்சுன்னு நெனச்சேன்."

நான் ஏதோ சொல்ல வந்தேன். கையை உயர்த்தினாள்.

"அந்த முப்பதாவது தக்கைக்குச் சிவப்பு அடிச்சது நான்தான். ஞாபகம் இருக்கா? எனக்கு ஒம்பது வயசு. அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. தெரிஞ்சுக்கல."

"அப்ப விடுங்க. அதுக்கு அப்புறம் தெரிஞ்சுக்கிட்டிருக்கலாமே?"

மடித்த தாளை இன்னும் சிறிதாக மடித்தேன்.

"அம்மாகிட்டயும் பொய்யா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் சாப்பிடச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. கடைசிப் பேருந்துக்கு நானாகவே எழுந்து வந்தேன்.

3 செப்டம்பர், திங்கள்

போர்த்தோ மருத்துவமனையில் இருவரும் ரத்தம் கொடுத்தோம். என் பழைய கோப்பு அங்கேயே இருந்தது. இருபத்திரண்டு வருடம். "பாக்கணுமா சார்?" என்று செவிலி கேட்டாள்.

"இனிமே எதுக்கு?" என்றாள் யுலாலியா. என் பக்கம் திரும்பாமல்.

2 அக்டோபர், செவ்வாய்

இருவருக்கும் இருக்கிறது. அவளுக்குத் தொடங்கிவிட்டது, ஆனால் ஆரம்ப நிலை. மாத்திரைக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

மருத்துவர் என் காலைத்தான் திரும்பத் திரும்பக் குத்திப் பார்த்தார். ஒவ்வொரு குத்தும் வலித்தது. அதே தவறு என்னிடம் ஏன் சும்மா இருக்கிறது, அவளிடம் ஏன் முப்பத்தாறிலேயே அவிழ்ந்தது என்று கேட்டேன். "யாருக்கும் தெரியாது" என்றார். எழுபது வருடமாக எனக்குள் அவிழாமல் இருந்ததில் ஒரு பத்து வருடத்தையாவது அவளுக்குக் கொடுக்க முடிந்தால். படித்தவன் எழுதுகிற எழுத்தா இது?

14 அக்டோபர்

அவள் கூப்பிடவில்லை. கடல்நீர் பதினைந்து.

28 அக்டோபர்

அண்ணி முட்டைக்கோஸ் சூப் கொண்டுவந்தார். "தின்னு. பட்டினி கெடந்தா அவ மன்னிச்சிடுவாளா?" உட்கார்ந்து நான் முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, "ஒங்கண்ணன் காலத்துல மாத்திரை ஏது" என்றார்.

11 நவம்பர், ஞாயிறு

சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். திங்களிலிருந்து மாத்திரை சாப்பிடுகிறாளாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காலுறைகளைக் கழற்றி, இரண்டு காலையும் என் மடியில் தூக்கி வைத்தாள்.

"ஊர்ல உள்ள கடலையெல்லாம் அளக்குறீங்களே. இதையும் அளங்க."

இரண்டு கரண்டி. ஒன்று வெந்நீரில், ஒன்று குளிர்ந்த நீரில். அவள் கண்ணை மூடிக்கொள்ள, கணுக்காலிலிருந்து மேலே மேலே வைத்துக்கொண்டு போனேன். எது சூடு என்று எங்கே சரியாகச் சொல்கிறாளோ அங்கே பேனாவால் கோடு. நோய் ஏறினால் கோடும் மேலே ஏறும். இடது: கணுக்காலுக்கு மேல் பதினொரு செ.மீ. வலது: பத்து.

கோடு கோணலாக வந்தது. "அழகா போடுங்கப்பா" என்றாள். ஆகஸ்டுக்குப் பிறகு இன்றுதான் அப்பா என்கிறாள்.

9 டிசம்பர்

பதினொன்று. பத்து.

13 ஜனவரி 2019

இடது பன்னிரண்டு. தண்ணீர் ஆறியிருக்கலாம். என் கையாகவும் இருக்கலாம். அவளிடம் பதினொன்று என்று சொல்ல வாய் வரை வந்தது. பன்னிரண்டு என்றே சொன்னேன்.

10 பிப்ரவரி, ஞாயிறு

புதிய வெப்பமானி வாங்கினேன். வெந்நீர் சரியாக நாற்பத்தைந்து டிகிரி. வலது பத்து. இடது காலில் எட்டில் வைத்தேன், தெரியவில்லை என்றாள். ஒன்பது, தெரியவில்லை. பத்து, தெரியவில்லை. அடுத்ததில் கரண்டியை வைத்ததுமே காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"சுடுதுப்பா!"

பதினொன்று.