மூன்றாம் அங்கத்தில் சிவப்புக் கோடு இல்லை

பிப்ரவரி 3, 1902. ஃபயென்ஸா, இத்தாலி

அப்பாவின் குரலில் 'ர' காணாமல் போயிருக்கிறது. காலையில் ரொட்டி கேட்டார், 'ஒட்டி' என்று வந்தது. வேறு யாரும் கவனிக்கவில்லை. இரவு நாடகத்தில் 'ராணி' என்று எடுத்துக்கொடுத்தார். மேடையில் நின்றவர் 'ஆணி' என்று கத்தி, ஆணியின் காலில் விழுந்தார்.

எங்கள் கம்பெனியில் தினம் ஒரு நாடகம். யார் மனப்பாடம் செய்வது? மேடையின் முன்விளிம்பில் ஒரு குழி. அதற்குள் உட்கார்ந்து அப்பா ஒவ்வொரு வரியாகக் கிசுகிசுப்பார், அவர்கள் அதை உரக்கச் சொல்வார்கள். பன்னிரண்டு வருடமாகக் கம்பெனியே அப்பாவின் தொண்டையால்தான் பேசுகிறது.

பிப்ரவரி 5

குரல் முழுக்கப் போய்விட்டது. பச்சை முட்டை, தேன் கலந்த சூடான ஒயின், கழுத்தைச் சுற்றிக் கம்பளிக் காலுறை — எதற்கும் கேட்கவில்லை.

முதலாளி மோஸ்கினி வந்து வாசலில் நின்றார். கதாநாயகனும் அவர்தான்.

"உல்தேரிகோ, வர்ற புதனோட எல்லார் ஒப்பந்தமும் முடியுது. ஊமைய வச்சுக்கிட்டு நான் என்னய்யா பண்றது?"

அப்பா என்னைச் சுட்டிக்காட்டினார்.

"இவளா? கடையில ரொட்டி வாங்கவே விரலத்தான காட்டுறா."

உண்மைதான். மூன்றாம் வகுப்பில் எழுந்து உரக்க வாசிக்கச் சொன்னார்கள், நான் வாசிக்கவில்லை, அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஆனால் கிசுகிசுப்பது பேச்சா என்ன?

"ஞாயித்துக்கிழம கவிஞரோட புது நாடகம். அதுல இவ சொதப்புனா அப்பனும் மகளும் இந்த ஊர்லயே கிடங்க. நாங்க வண்டி ஏறிருவோம்."

பிப்ரவரி 6

குழிக்குள் இறங்கிப் பார்த்தேன். அங்கிருந்து எல்லோரும் வெறும் முழங்காலாகத் தெரிகிறார்கள். முழங்காலிடம் எனக்கு வெட்கமில்லை.

பிப்ரவரி 8

கவிஞர் எவரிஸ்தோ முதல் இரண்டு அங்கங்களை அனுப்பியிருக்கிறார். வசனமும் கவிதை, மேடைக் குறிப்பும் கவிதை, இரண்டும் ஒரே மை. வழக்கப்படி அப்பா, வாயால் சொல்லக் கூடாதவற்றின் கீழே சிவப்புக் கோடு போட உட்கார்ந்தார். 'நிலா எழுகிறது, ஒரு காயத்தைப் போல.' இது வசனமா, தச்சருக்கு உத்தரவா? அப்பாவும் நானும் சிலேட்டில் எழுதி எழுதிச் சண்டை போட்டோம். கடைசியில் தச்சரிடமே கேட்டோம்.

"காயம் மாதிரி நிலாவுக்கு எங்கிட்ட அட்ட இல்ல. பாலாடைக்கட்டி மாதிரி வேணா செய்யலாம்."

மூன்றாம் அங்கம் வரவில்லை. கவிஞருக்குள் கடல் கொந்தளிக்கிறதாம், அடங்கினதும் அனுப்புவாராம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மாலை ஐந்து மணி. கடல் இன்னும் அடங்கவில்லை.

பிப்ரவரி 10

எழுதாமல் இருக்கலாமா என்று பார்த்தேன். முடியவில்லை.

நேற்று இரவு முதல் இரண்டு அங்கமும் ஒழுங்காகவே போயின. இடைவேளையில் மூன்றாம் அங்கம் வந்தது, மை காயாமல். கோடு போட நேரமில்லை. அப்பா என் பக்கத்தில் குந்தி விளக்கைப் பிடித்துக்கொண்டார்.

இளவரசன் சாகும் கட்டம். மோஸ்கினி குழியருகே விழுந்து கிடந்து எனக்காகக் காத்திருந்தார். கண்ணுக்குப் பட்ட முதல் வரியைக் கிசுகிசுத்தேன்.

"அவன் கடலைப் பார்த்தபடி சாகிறான். யாரும் பேசவில்லை," என்று மோஸ்கினி நெஞ்சில் அடித்துக்கொண்டு முழங்கினார்.

அரங்கம் அசையவில்லை. இளவரசியாக நடித்த லெயோனில்டே அம்மாள் என்னைப் பார்த்தார். அவசரத்தில் அடுத்த வரியைக் கொடுத்தேன்.

"அவள் நான்கு நிமிடம் மௌனமாக இருக்கிறாள்," என்றார் அவர், தழுதழுத்த குரலில். சொல்லிவிட்டு உடனே அடுத்ததற்குக் காத்திருந்தார்.

அப்போதுதான் புரிந்தது. ஐயோ, எல்லாம் குறிப்பு. "அது இல்ல, அது இல்ல," என்று முணுமுணுத்தேன். செத்துப்போன மோஸ்கினி எழுந்து நின்று, "அது இல்ல, அது இல்ல," என்று கர்ஜித்தார். மேல்மாடத்தில் 'பிஸ், பிஸ்' என்று கூச்சல் — இன்னொரு தடவை வேண்டுமாம். அவர் படுத்தார், மறுபடி செத்தார், மறுபடி எழுந்து சொன்னார்.

நான் அப்பாவின் சட்டையைப் பிடித்தேன். "அப்பா, நான் இப்ப என்ன பண்ணுவேன்?"

லெயோனில்டே அம்மாள் மண்டியிட்டு, கூரையைப் பார்த்துக் கைகளை விரித்து, "அப்பா, நான் இப்ப என்ன பண்ணுவேன்?" என்றார். முன்வரிசையில் மருந்துக்கடைக்காரர் விம்மி அழுதார்.

அப்பா எனக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. மோஸ்கினி அதையும் விடவில்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டுச் சாய்ந்தார். திரை விழுந்தது.

கவிஞர் தன் இருக்கையில் சுண்ணாம்பாக வெளுத்திருந்தாராம். நாங்கள் பெட்டியைக் கட்டிவிட்டோம்.

பிப்ரவரி 11

காலையில் கவிஞர் பத்திரிகையோடு வந்தார். 'நம் காலத்தின் ஆன்மா கடைசியில் வாய் திறந்தது' என்று போட்டிருக்கிறது. பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"அந்த 'அப்பா, நான் இப்ப என்ன பண்ணுவேன்' இருக்கே, அத நான் எப்பவோ எழுதிட்டேன். மனசுக்குள்ள."

"அந்த மூச்சு?" என்று மோஸ்கினி கேட்டார்.

"அதுவும் நான்தான்."

மோஸ்கினி ஒத்திகையில் அந்த மூச்சை விட்டுப் பார்த்தார். கொட்டாவி வந்தது. இன்னொரு தடவை, விக்கல்.

"அந்த ஆளக் குழியில இறக்குங்கடா," என்றார் சலித்துப்போய். "உல்தேரிகோ விட்டாத்தான் எனக்கு வருது."

இரவு, தவக்காலத்துக்கு முந்தைய திருவிழாவின் கடைசிக் காட்சி. நான் சொன்னேன், அப்பா மூச்சு விட்டார். ஐந்து 'பிஸ்'.

பிப்ரவரி 12, திருநீற்றுப் புதன்

தவக்காலத்தோடுதான் கம்பெனிக்குப் புது ஆண்டு பிறக்கும். நெற்றியில் சாம்பலோடு எல்லோரும் மேடையில் வரிசையாக நின்று கையெழுத்துப் போட்டார்கள். கடைசியாக எங்கள் தாள். அப்பா தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

மோஸ்கினி தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "மூச்சு அப்பனோடது, வார்த்த மகளோடது. ஆனா குழி ஒண்ணு, வேல ஒண்ணு, பேர் எழுத எடமும் ஒண்ணு. ரெண்டு பேர்ல யாரு? வாயத் தொறந்து சொல்லு, புள்ள."

"அவ சொல்றதுக்குள்ள ஈஸ்டர் வந்துரும்," என்றார் தச்சர். எல்லோரும் சிரித்தார்கள்.

மோஸ்கினியின் கையிலிருந்து பேனாவை வாங்கினேன். அப்பாவின் பெயரை எழுதினேன். ஒரு காற்புள்ளி வைத்தேன். ஆர்ஜியா என்று என் பெயரையும் எழுதினேன்.