அவள் மலை இறங்கினாளா

மதினி,

போன மாதம் போடி பஸ் ஸ்டாண்டு அருகே பழைய புத்தகக் கடையில் அந்த நாவலைப் பார்த்தேன். அட்டை வேறு, கதை அதேதான். வெள்ளைக்காரத் துரைகள் நம் மலைக்காட்டை வெட்டிக் காப்பி பயிரிட்ட காலத்தில், கைக்குழந்தையோடு தோட்டத்தைவிட்டு ஓடும் கூலிக்காரியின் கதை. எடுத்ததும் கடைசிப் பக்கங்களைத்தான் புரட்டினேன். இருந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதை என்று அட்டையில் போட்டிருந்தால் போதும், நூலகத்திலிருந்து எடுத்து வந்துவிடுவீர்கள். ஏலக்காய் எடுக்கப் போடிமெட்டு ஏறும் ஜீப்பில், முந்தின நாள் படித்ததை எங்களுக்குச் சொல்லிக்கொண்டே வருவீர்கள்.

என் அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. அடித்தால் அக்கம்பக்கம் கேட்கும் என்று வேறு வழி பார்த்தான். நீங்கள் முடிக்கப்போகும் சமயத்தில் கடைசி அத்தியாயத்தைக் கிழித்து, உங்கள் கண்முன்னாலேயே அடுப்பில் போட்டான். "முடிவு தெரிஞ்சு நீ என்ன செய்யப் போற? உலையைப் பாரு" என்றான். நீங்கள் அழவில்லை. அந்தத் தீயிலேயே சோறாக்கி அவனுக்குப் போட்டீர்கள். இரண்டாவது புத்தகமும் அப்படிப் போனதும் நூலகத்தில் உங்களுக்குத் தருவதை நிறுத்திவிட்டார்கள். அந்த இரண்டாவதுதான் இந்த நாவல்.

கட்டி முற்றித் தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதைத்தான் கேட்டீர்கள். "அவ மலையை விட்டு எறங்கிட்டாளா? யார்ட்டயாச்சும் கேட்டுச் சொல்லு ஆத்தா." விசாரித்தேன். அதைப் படித்தவர் யாரும் அகப்படுமுன் போய்விட்டீர்கள்.

இப்போது அண்ணனுக்குச் சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய்விட்டது. என் வீட்டில்தான் கிடக்கிறான். பொழுது போகவில்லை, எதையாவது படித்துக்காட்டு என்று நச்சரித்தான். இந்த நாவலைப் படித்தேன். எந்தப் புத்தகம் என்று அவனுக்கு நினைவே இல்லை. துரையின் ஆட்கள் நாய்களோடு துரத்த, குரங்கணிப் பக்கம் மூடுபனிக்குள் அவள் இறங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தினேன்.

"அப்பறம் என்னாச்சு?"

"மிச்சப் பக்கம் இல்லண்ணே. யாரோ கிழிச்சிட்டாக."

அவனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. இன்று காலை மறுபடி கேட்டான், அவள் தப்பித்தாளா என்று மட்டுமாவது சொல்லச் சொன்னான். நான் அடுத்த வாய்க் கஞ்சியை ஊட்டினேன்.

உங்களுக்குச் சொல்கிறேன், மதினி. இறங்கிவிட்டாள். குழந்தை பாதி வழியில் குளிரில் செத்துப்போகிறது. அதைப் பாறை இடுக்கில் வைத்துக் கல்லால் மூடிவிட்டு, பால் கட்டிய மார்பு வலிக்க வலிக்க நடந்து, விடியும்போது அடிவாரம் வந்து சேர்கிறாள். அங்கே அவளுக்காக யாரும் காத்திருக்கவில்லை. நிற்காமல் கிழக்கே நடக்கிறாள். அதோடு கதை முடிகிறது.

இது என்னிடம் இருக்கிறது. அவனுக்குத் தர மாட்டேன்.