வெள்ளைப் பூச்சின் கீழே ஒரு பெயர்

தூத்துக்குடி, செப்டம்பர் 1942

பிரியமுள்ளவருக்கு,

அச்சில் வந்துவிட்ட கேலிச்சித்திரங்களின் மூலப்படங்களை ஏன் சேர்க்கிறீர்கள்? இத்தனை வருடமாகியும் எனக்குப் பதில் தெரியவில்லை.

நீங்கள் கைதானபின் அந்தப் படப் பெட்டியைத் திறந்தேன். சர்க்காரைப் பரிகசிக்கும் அந்தப் படம் பத்திரிகையில் பெயரில்லாமல்தான் வந்தது. மூலத்திலோ, பெயரை மறைத்த வெள்ளைப் பூச்சு உப்புக்காற்றில் உதிர்ந்து, வரைந்தவரின் கையெழுத்து தெரிகிறது. அவர் இன்னும் பிடிபடவில்லை. நாளை நம் வீட்டில் சோதனையாம்.

“எரிச்சிருங்கக்கா” என்கிறாள் பக்கத்து வீட்டுச் சந்தனமாரி. எனக்குக் கை வரவில்லை. இந்தக் கடிதத்தை நம் வக்கீல் சுந்தர்சிங்கிடம் கொடுத்தனுப்புவேன்.

மறுநாள் எழுதுவது: காலையில் அந்தப் படத்தை எரித்துவிட்டேன். அதற்குமுன் விரலால் தடவினேன்; அவர் கை அழுத்திய இடமெல்லாம் காகிதம் பள்ளமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் மற்றப் படங்களைப் புரட்டி, “ஏம்மா, பேப்பர்ல வந்ததையே அண்ணாச்சி எதுக்குச் சேக்காரு?” என்றார்.

தெரியாது என்றேன். அது பொய்.

உங்கள் மனைவி