சூளைக்குள் நான்கு பேர்

ஏனுங்க,

ஊத்துக்குளியில் உங்கள் அண்ணன் வீட்டில் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? தேவன் பெயரை எடுத்து எழுதாதே என்றீர்கள். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஞாயிறு பள்ளியில் அக்கினிச் சூளைப் பாடம். தேவன் காப்பாற்றாமல் போனாலும் சிலையைக் கும்பிட மாட்டோம் என்று நின்ற மூன்று பேரை ராஜா நெருப்பில் போட்ட கதை. பனியன் கம்பெனியில் கழித்த சிவப்பு வேஸ்ட் துணியை நெருப்புபோல வட்டமாகப் பரப்பி, நடுவில் மூன்று பிள்ளைகளை நிறுத்தினேன்.

"நெருப்புக்குள்ள எத்தன பேரு கண்ணுங்களா?"

மூன்று என்பார்கள், பிறகு நாலாவதாக வந்து நின்ற தேவதூதனைப் பற்றிச் சொல்லலாம் என்றிருந்தேன்.

"நாலு பேருங்க டீச்சர்" என்றார்கள் எல்லோரும்.

போன மாதம்தான் கொமரலிங்கத்திலிருந்து குடிவந்த பிள்ளை ஒருத்தி. நம் வீட்டு விஷயம் எதுவும் தெரியாதவள். "பச்சைப் பாவாடை கட்டுன அக்காங்க. ஒத்தக் கால்லதான் செருப்பு போட்டிருக்குதுங்க" என்றாள்.

வேஸ்ட்டை அள்ளினேன். ஓரிடம் மட்டும் சூடாக இருந்தது.

தீப்பிடித்து நம் பாப்பாவைக் கொண்டுபோன அந்தக் குடோன் வாசலில் கிடந்த அவளுடைய ஒற்றைச் செருப்பை நீங்கள்தான் பெட்டியில் வைத்துப் பூட்டி எடுத்துப்போனீர்கள். நான் யாரிடமும் சொன்னதில்லை.

வருகிற ஞாயிறு அதைக் கொண்டுவாருங்கள். தரை சுடுகிறதென்று ஒரு காலைத் தூக்கியே நிற்கிறாளாம்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா